ஆறாவது ஆள்

பழைய கம்ப்யூட்டர் ஆட்டங்களில் எதை முதலில் ஆடுவது என்று என்னிடம் யாராவது கேட்டுவிட்டால் போதும், வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசுவேன். திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டிக்கு உதிரி பாகம் விற்கிறவன் பேசுகிற பேச்சா இது என்று கடைக்கு வந்தவர்கள் முறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முறைக்கட்டும். நான் சொல்வது கார் பந்தயமோ துப்பாக்கிச் சண்டையோ இல்லை. ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், பேசி, அடித்து, அடி வாங்கி, அனுபவம் ஏற ஏற ஆள் தேறி வருகிற ஆட்டம். ஆர்.பி.ஜி. என்பார்கள். அதிலும் இருபது, இருபத்தைந்து வருசத்துக்கு முந்தையவைதான் உசத்தி. படம் சுமாராகத்தான் இருக்கும், கதை ஆளை விழுங்கிவிடும். காலேஜில் பிடித்த பைத்தியம், முப்பத்தெட்டு வயதிலும் தெளியவில்லை.

இதுவரை பதினேழு பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். பதினாறு பேர் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். விடாமல் ஆடுகிற ஒரே ஆள் மதுமதி அக்காவின் வீட்டுக்காரர் பூபதி மாமா. அவர் ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா மல்லசமுத்திரத்துக்காரர். இருபத்திரண்டு வருசமாக ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும்போது லீவரைப் பிடித்து, ராடு என்கிற கனத்த துளைக் குழாயை இறக்கி ஏற்றுகிறவர் அவர்தான். வண்டி சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று கிளம்பினால் ஊர் திரும்ப எட்டு மாதம் ஆகும். ஆள் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. இந்தத் தொழிலில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஒருவனை அவன் வீட்டிலிருந்து யார் கூட்டிக்கொண்டு போனாரோ, அவரே திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட வேண்டும். பஸ் ஏற்றிவிட்டுக் கை கழுவக் கூடாது. வாசல்வரை போய், அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டு, ஆளை ஒப்படைத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும். மாமா ஒரு தடவைகூட இதில் தவறியதில்லை.

போன வருசம் மாசியில் ராய்ப்பூர் பக்கத்தில் ஒரு வயலில் ராடு ஏற்றிக்கொண்டிருந்தபோது கம்பிக் கயிறு அறுந்தது. வண்டியின் சமையல்காரர் அன்பரசு அந்த நேரம் பார்த்துச் சாப்பிடக் கூப்பிட வந்திருக்கிறார். ஆட்டையாம்பட்டிக்காரர், என் வயதுதான் இருக்கும். ராடு அவர் மேல் விழுந்து, சரிந்து மாமாவின் இடுப்பை நொறுக்கியது. அன்பரசு அந்த இடத்திலேயே போய்விட்டார். கயிறு அறுந்ததற்கு மாமா என்ன செய்வார்? ஆனால் லீவரைப் பிடித்திருந்தது அவர் கை. அவர் அங்கே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்க, அன்பரசின் உடல் ஆம்புலன்ஸில் தனியாக ஊர் வந்து சேர்ந்தது.

இடுப்பு மெல்லத் தேறிவிட்டது. வாக்கர் பிடித்து நடந்தார், காரில் ஏறி உட்கார முடிந்தது. ஆட்டையாம்பட்டிக்கு மட்டும் போகவில்லை. அன்பரசு என்று யாராவது பேச்செடுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்பரசின் மனைவி நிலா, மதுமதி அக்காவுக்குப் போன் செய்து, "வருசத் திதிக்காச்சும் அண்ணனக் கூட்டிக்கிட்டு வாங்கக்கா. கூட்டிக்கிட்டுப் போனவரு வந்து கைநனைக்காம எப்புடிங்க மனசாறும்?" என்று கேட்டிருந்தது. காசு பணம் எதுவும் கேட்கவில்லை. அவர் வந்து அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

திதிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தபோது அக்கா கடைக்கே வந்துவிட்டாள்.

"சபரி, இவுரு நாளெல்லாம் செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கறாரு. உன்ர ஆட்டம் ஏதாச்சும் ஒண்ணு குடு சாமி. மனசு கொஞ்சம் அசஞ்சா திதிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிரலாம்."

"தாராளமாக் குடுக்கறேன்."

"ஆனா அதுல ஆரும் சாவக்கூடாது."

சரியாகப் போயிற்று. இந்த ஆட்டங்களில் சாவு என்பது கொசுக்கடி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றில் அணுகுண்டு விழுந்து ஊரே பிணக்காடு. ஒன்றில் கதாநாயகன் எழுந்திருப்பதே பிணவறையில். இன்னொன்று சாதுவானதுதான், ஆனால் கூட ஆளில்லாமல் தனியாகத் திரிய வேண்டும். இருபது பேரோடு வண்டியில் வாழ்ந்த மனுசனுக்கு அதைவிடச் சுவரே மேல். கடைசியில் ஒன்றைப் பிடித்தேன். ஆறு பேரை நாமே உருவாக்கிக்கொண்டு கிளம்பலாம். யாராவது செத்தாலும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கை போட்டால் பூசாரி எழுப்பிவிடுவார். பேரைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, விடுங்கள். ஆடியவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

என் பழைய லேப்டாப்பில் ஏற்றி எடுத்துக்கொண்டு போனேன். மாமா பத்தாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் வாசிப்பார். முக்கியமான வார்த்தைகளுக்கெல்லாம் ஒரு நோட்டில் தமிழில் பொருள் எழுதிக் கொடுத்தேன். தொடங்கும்போது எந்த அளவு கடினம் வேண்டும் என்று கேட்கும். எளிது, நடுத்தரம், கடினம். நடுத்தரம் என்று அமுக்கினேன். எளிதில் வைத்து ஆடுவது அந்த மாதிரி ஆட்டத்துக்கே அவமானம் என்பது என் கொள்கை. கொள்கையாம் கொள்கை. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்து ஆறு பேரை உருவாக்க வேண்டும். வாள் வீசுகிறவன் இருவர், வில்லுக்கு ஒருவன், மந்திரத்துக்கு ஒருவன், பூட்டுத் திறக்க ஒரு திருடன், காயத்தை ஆற்ற ஒரு வைத்தியன் என்று பாடம் எடுத்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது. மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் தன் வண்டி ஆட்களின் பேரை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். மேனேஜர், டிரைவர், இரண்டு ஹெல்பர்கள், டிரில்லர் பூபதி. ஐந்தாயிற்று.

"ஆறாவது வைத்தியனுங்க மாமா. அதுல மட்டும் கை வெக்காதீங்க."

"சமையக்காரனுக்கு என்ன போடறது?"

"இதுல சமையக்காரனே இல்லீங்க."

மாமா ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "வைத்தியன் இல்லாம வண்டி போவும் மாப்ள. சமையக்காரன் இல்லாம எங்கிருந்து போறது?"

வேறு வழியில்லாமல் பாட்டுப் பாடுகிறவன் ஒருவனைக் காட்டினேன். சண்டைக்கு ஆகமாட்டான், கூட வருகிறவர்களுக்குத் தெம்பு கொடுப்பான். அது போதும் என்றார். பேர் கேட்கும் கட்டத்தில் கை அப்படியே நின்றது. பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அன்பு. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. மாமா சுவரை மறந்தார். எந்தக் குகைக்குள் நுழைந்தாலும் முதல் காரியமாக அன்புவைப் பத்திரமான மூலை பார்த்து நிறுத்துவார். மற்றவர்கள்தான் முன்னால் போவார்கள். எந்த ரிக் வண்டி புது இடத்துக்குப் போனாலும் சமையலுக்கு இடம் பார்த்த பிறகுதானே மற்ற வேலை. யாராவது காயப்பட்டால் என்னைப் போனில் கூப்பிட்டு வைவார். "ஏன் மாப்ள, இந்த மேனேஜரு சண்டைன்னா பின்னாலயே நிக்கறான். நெசத்துலயும் அப்புடித்தான்." சிரித்தார், நிசமாகவே சிரித்தார். அன்பு வைக்கிற கோழிக்குழம்பு பற்றி அவராகவே பேசினார். தை பிறந்ததும் அக்கா தயங்கித் தயங்கித் திதியைப் பற்றிக் கேட்டபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போலாமுங்" என்றார். அக்கா அதை எனக்குப் போனில் சொல்லும்போது அழுதாள். நான் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மாமாவின் போன்.

"மாப்ள, அன்பு போயிட்டான்."

"கோயிலுக்குக் கொண்டுபோங்க மாமா, எழுப்பிருவாங்க."

"போனனுங். பூசாரி ஆவாதுங்கறான்."

கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். பாலத்தில் ஒரு கல் பூதம் வரும். அது ஓங்கி அடித்து ஆள் துண்டு துண்டாகிவிட்டால் எந்தக் கோயிலிலும் எழுப்ப முடியாது. நடுத்தரத்திலும் கடினத்திலும் மட்டும்தான் அப்படி. எளிதில் வைத்திருந்தால் நடக்காது. பதினெட்டு வருசமாக எனக்குத் தெரிந்த விசயம். அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை.

நான் போனபோது மாமா வேர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தார். திரையில் ஐந்து முகங்கள். ஆறாவது கட்டம் காலி. எதையாவது செய்தாக வேண்டும் என்று எனக்குப் பதறியது.

"இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க மாமா," என்றேன், வேண்டுமென்றே உற்சாகமாக. "நேத்து சேவ் பண்ணது இருக்குமல்ல? அதத் தெறந்தா நேத்து இருந்த மாதிரியே எல்லாரும் இருப்பாங்க." திறந்தேன். சத்திரம் வந்தது. ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். அன்பு ஓரத்தில் யாழை வைத்துக்கொண்டிருந்தான்.

மாமா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

"இப்புடி ஒண்ணு இருக்குதுங்களா மாப்ள?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் நான் தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது தெரிந்தது. ஆறு பேரும் அதே சத்திரத்தில் இருந்தார்கள். மாமா திரையிலிருக்கும் படுக்கைப் படத்தை அமுக்குவார், ஆட்டத்தில் ஒரு நாள் கழியும். மறுபடி அமுக்குவார். இருநூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடியிருந்தது. வாசல் கதவுப் பக்கம் மவுஸ் போகவே இல்லை.

"வெளிய போலாமுங்க மாமா. அடுத்த ஊரு இன்னும் நல்லாருக்கும்."

"வேண்டாமுங். இங்கயே நல்லாத்தான இருக்கறாங்க."

எளிது என்று மாற்றிக் காட்டினேன். இனிமேல் யாரும் அந்த மாதிரி சாக மாட்டார்கள் என்று சத்தியம் செய்தேன். மாமா என் மேல் கோபப்படவில்லை. "அன்னைக்கும் கயிறு புதுசுதான் மாப்ள," என்றார். வேறு ஆட்டம் இரண்டு கொண்டுபோனேன். யாரும் சாகாமல் பயிர் செய்கிற ஆட்டம் ஒன்று, கப்பல் ஓட்டுகிற ஆட்டம் ஒன்று. திறந்துகூடப் பார்க்கவில்லை. சாப்பாடு லேப்டாப் முன்னால்தான். பேச்சு மறுபடியும் நின்றுபோனது. திதி என்றால் காது கேட்காத மாதிரி இருந்தார்.

அக்கா என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள். "செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு, இப்ப இதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறாரு. செவுராச்சும் தேவல, அதுக்குள்ள ஆருமில்ல. நீ குடுத்ததுதான? நீயே எடுத்துக்கிட்டுப் போ."

திதி அன்றைக்குக் காலையில் வாடகைக் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அக்கா புடவை கட்டித் தயாராக இருந்தாள். மாமாவுக்கு வெள்ளை வேட்டி சட்டை எடுத்து நாற்காலியில் வைத்திருந்தது. அவர் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். திரையில் சத்திரம்.

"மாமா, கெளம்புங்க. நிலா காத்துக்கிட்டிருக்கும்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். முதல் நாளே முடிவு செய்திருந்தோம். நான் குனிந்து, சேவ் செய்ததெல்லாம் வரிசையாக இருக்கும் இடத்தைத் திறந்தேன். நாற்பத்தொன்று இருந்தன, எல்லாம் அதே சத்திரம். மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். அழிக்கவா என்று கேட்டது.

மாமா என்னைத் தடுக்கவில்லை. கையைக் கூட நீட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அமுத்தறதுன்னா நீங்களே அமுத்திருங்க மாப்ள. ஒருக்கா என்ர கையாலயே ஆயிருச்சு," என்றார்.

எத்தனையோ ஆயிரம் சேவ்களை அழித்திருக்கிறேன். இடம் பத்தவில்லை என்று, சலித்துவிட்டது என்று. ஒரு பட்டன். விரல் இறங்க மாட்டேன் என்றது. வேண்டாம் என்று அமுக்கிவிட்டு எழுந்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தாள்.

நான் மாமாவின் காலடியில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். "அங்க போயி நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. ஒரு வாய் சாப்புட்டுட்டு வந்தரலாம். அது போதும்னுதான அந்தப் புள்ள கேக்குது."

அவர் சத்திரத்தில் நின்ற ஆறு பேரையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கடைசியில் விரல் அன்பு மேல் நின்றது.

"இவன இங்க உட்டுட்டு, நான் மட்டும் அவிய ஊட்டுக்குப் போயி என்னன்னு சொல்றது?"

என்னிடம் இருந்ததெல்லாம் எந்த ஆட்டத்தை முதலில் ஆடலாம், எதை இரண்டாவதாக ஆடலாம் என்கிற பட்டியல்தான். நாசமாய்ப் போன பட்டியல்.

கட்டிலில் கிடந்த அவருடைய போன் அடித்தது. நிலா. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணில் அப்படியொரு பயம். நான் எடுத்துப் பேரைச் சொன்னேன்.

"அண்ணன் கெளம்பிட்டாருங்களா? எல போட்டுட்டோம். அவரு வந்து ஒக்காராம ஆரும் சாப்புட மாட்டேங்கறாங்க. எங்க மாமியாரு வாசல்லயே நிக்கறாங்க."

மாமா மெதுவாகக் கையை நீட்டிப் படுக்கையை அமுக்கினார். ஆட்டத்தில் இன்னொரு நாள் விடிந்தது.

"வாரோமுங்க," என்றேன்.