ஒன்பது வோல்ட் பெட்டி

ராஜலக்ஷ்மி மடியில் வீணையோடு தெளிவாகச் சொன்னாள். “இந்தப் பெட்டி சரியாகலேன்னா நான் மேடை ஏறலை.”

மணிக்கட்டு முறிந்து வீணையை மூடிவைத்தவளுக்கு, நான்கு வருஷம் கழித்துச் செம்பூரில் இன்று மாலை கச்சேரி. இப்போது உட்கார்ந்திருப்பது தாராவியில், அப்துல் வாஹிதின் ஆம்ப்ளிஃபயர் பட்டறையில்.

மேஜையில் சின்ன அலுமினியப் பெட்டி. வீணையின் மெலிந்த சிக்னலுக்குத் தெம்பூட்டி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பஃபர். ஒரே டிரான்சிஸ்டர், ஒன்பது வோல்ட் பாட்டரி. தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்க வீணையில் புதிதாக ஒட்டிய பிக்அப் முரட்டுத்தனமானது. அழுத்தி மீட்டினால் அலை நிமிர ஒன்பது வோல்ட் போதவில்லை, நாதம் கிழிந்தது. கடையில் வாங்கிய புதுப் பெட்டியைப் போட்டுப் பார்த்தாள். தகர டப்பாச் சத்தம் என்று தள்ளிவிட்டாள்.

“இருபத்திநாலு வோல்ட் குடுத்துடலாம்டா,” என்றார் அவள் கணவர் ஜம்பு.

“குடுக்கலாம்வே. இந்த டிரான்சிஸ்டர் இருபதுக்கு மேல தாங்காது. மாத்திருதேன்,” என்றார் வாஹித்.

“அதை மட்டும் தொடாதே.”

வாஹித் சிரித்தார். பாலிடெக்னிக் நாளில் இருவரும் லாமிங்டன் ரோடு முழுக்கக் கடை கடையாக அலைந்து வாங்கிய டிரான்சிஸ்டர் அது. மாதுங்காவில் ராஜலக்ஷ்மியின் முதல் மேடைக்கு இந்தப் பெட்டிதான் போனது. யார் பண்ணினது என்று அவள் கேட்டாள். நான் என்றார் ஜம்பு. அடுத்த வருஷம் கல்யாணம்.

“ஈயம் பத்தவச்சது நான், பொண்ணு கெட்டுனது இவரு. கேட்டேளா மதினி?”

“நாப்பது வருஷமா கேட்டுண்டுதான் இருக்கேன். வேலையப் பாருங்கோ பாய்.”

ஜம்பு மிட்டாய் டப்பா மூடியில் சர்க்யூட் படம் போட்டார். பழைய டிரான்சிஸ்டருக்கு மேலே, அதிக வோல்ட்டேஜ் தாங்கும் இன்னொன்று. பழையதன் பங்கு சில வோல்ட்தான். மிச்சத்தை மேலே நிற்பவன் சுமப்பான்.

“மூளை இன்னும் துருப்பிடிக்கல,” என்று வாஹித் சால்டரிங் அயர்னை எடுத்தார். ஈயத்தோடு உருகிய ரோஜன் பிசினின் புகை எழுந்தது. அந்த வாசனையில் மூவருக்கும் மறுபடி இருபது வயசு.

இணைப்பு கொடுக்கும்போது நடுவில் ஒரு லாரி பல்பைச் சேர்த்தார். பல்பு எரியாவிட்டால் நலம். எரிந்தால் உள்ளே ஏதோ ஷார்ட்.

சுவிட்ச்.

பல்பு பளீரென்று எரிந்தது.

“போச்சா?” என்றாள் ராஜலக்ஷ்மி. ஜம்பு பெட்டியின் மேல் குனிந்தார். வாஹித் சுவிட்சை அணைத்து, பழைய டிரான்சிஸ்டரைக் கழற்றி மீட்டரில் வைத்தார். உயிரோடு இருந்தது.

“நாம ரெண்டு பேரும் கிறுக்கனுவோ,” என்றார். “இதையே கொஞ்சிக்கிட்டிருந்தோம். பக்கத்துல பதினாறு வோல்ட் மட்டும் தாங்குத கெப்பாசிட்டர் நிக்கி. அதைப் பாக்கலயே.”

தலை உப்பியிருந்த அதைப் பிடுங்கி, அறுபத்துமூன்று வோல்ட் தாங்குவதைப் போட்டார்; பழைய டிரான்சிஸ்டரையும் திரும்பப் பொருத்தினார். மறுபடி சுவிட்ச். பல்பு எரியவில்லை.

ராஜலக்ஷ்மி மந்தரத் தந்தியை அழுத்தி மீட்டினாள். ஸ்பீக்கரிலிருந்து நாதம் முழுசாக எழுந்து, அதிர்ந்து, மெல்ல ஓய்ந்தது. எங்கும் கிழியவில்லை. இன்னும் பலமாக மீட்டினாள். பட்டறைக் கூரைத் தகரம் ரீங்கரித்தது.

“டாக்ஸி கூப்பிடட்டுமா?” என்றார் ஜம்பு.

“கூப்பிடுங்கோ. வாஹித் பாய், கடையைச் சாத்துங்கோ. மேடைல என் பக்கத்துல பெட்டியோட நீங்க உக்காரணும்.”

“அப்ப இவரு?”

“அவர் கீழ உக்காந்து கேக்கட்டும்.”