கேட்சருக்கு மூன்று சதவீதம்

கோபிச்செட்டிப்பாளையத்தில் மொத்த மதிப்பெண் ஐம்பதுக்குக் கீழே இருக்கிற பேஸ்பால் ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அழிக்கப்படுவார்கள். அழிப்பவன் சென்னியப்பன். அவன் கெட்டவன் இல்லை. லீக்கின் எக்செல் ஷீட் அவனிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஊரில் யாரும் பேஸ்பால் ஆடியதில்லை. ஆட்டம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். ஆட்டக்காரர்கள் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் குளித்துத் தலைவாரிக்கொண்டு சென்னியப்பன் வீட்டு கேட்டில் வரிசையாக நிற்பார்கள். அடிக்கு நாற்பது சதவீதம், ஓட்டத்துக்கு இருபத்தைந்து, எறிதலுக்கு இருபது, பிடிக்குப் பதினைந்து என்று வெயிட்டேஜ் போட்டு அவரவர் மொத்தத்தை அவன் வாசிப்பான். ஐம்பதைத் தாண்டியவர்கள் நேரே டிபன் சாப்பிடப் போவார்கள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு எர்னஸ்டோவின் முறை வந்தது. நாற்பத்தொன்பது புள்ளி ஐந்து ஐந்து.

எர்னஸ்டோ கேட்சர். பந்து அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தைப் பிடிப்பது அவன் வேலை. அதைவிட முக்கியமான விஷயம், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் சென்னியப்பனின் தங்கை தாரணிக்கும் நிச்சயதார்த்தம். மண்டபம் பிடித்தாயிற்று. சமையல்காரர் நேற்றே தேங்காய் துருவ ஆரம்பித்துவிட்டார்.

"ரண்டு மணி நேரந்தானுங்க மச்சான் இருக்குது" என்றான் எர்னஸ்டோ, கேட் ஓரமாகக் குந்திக்கொண்டே. "பரவால்லீங்க. நான் இங்கயே இருக்கறனுங்க."

உள்ளே இருந்து தாரணி வந்தாள். நிச்சயப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தவள், கையில் ஊசியோடு வந்தாள்.

"ஏனுங்ணா, நாளைக்கு நான் யாரு பக்கத்துல நிக்கறது? உங்க ஷீட்டுல காலியாக் கெடக்கற வரிசை பக்கத்துலயா?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஸ்கிரீனைப் பார்த்தாள். "இதுல காத்திருக்கறதுக்குன்னு ஒரு கட்டம் இல்லியே? பதினாலு மாசம் இதே கேட்டுல குந்தியிருந்துதானே என்னைய சம்மதிக்க வெச்சாரு!"

நியாயமான பேச்சு. சென்னியப்பன் 'காத்திருப்பு' என்று ஷீட்டில் புதுக் கட்டம் போட்டு, எர்னஸ்டோவுக்குத் தொண்ணூற்றொன்பது கொடுத்தான். அதற்கு மூன்று சதவீதம் வெயிட்டேஜ் கிடைத்தால் போதும், மாப்பிள்ளை பிழைத்துக்கொள்வான். மூன்றை எங்கிருந்து எடுப்பது?

ஓட்டத்திலிருந்து எடுக்கலாம் என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் ஓட்டக்காரர்கள் கேட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள். அடியில் கைவைத்தபோது அடிப்பவர்கள் மட்டையோடு வந்து மரியாதையாக நின்றார்கள். எறிதலுக்கு ஜன்னல் வழியாக ஒரு பந்து வந்து மேஜைமேல் உட்கார்ந்தது. மிச்சம் இருந்தது பிடி. எர்னஸ்டோவுக்குப் பிடியிலும் தொண்ணூற்றொன்பதுதான். இங்கே எடுத்து அங்கே போட்டால் மறுபடி அதே நாற்பத்தொன்பது புள்ளி ஐந்து ஐந்து. சனியன் பிடித்த எண், கடுகளவும் நகரவில்லை.

மணி பதினொன்றே முக்கால்.

"வெளிய இருந்து எடுங்ணா" என்றாள் தாரணி.

அதற்கு வழி உண்டு. நூறு என்பது ஊருக்கே பொது. ஷீட்டில் கூடினால் ஊரில் எங்கேயாவது குறைய வேண்டும். போன சீசனில் அம்பயர்களின் கண்பார்வைக்கு இரண்டு சதவீதம் தேவைப்பட்டபோது சத்தி ரோட்டு இறக்கத்திலிருந்து எடுத்தார்கள். அதிலிருந்து அங்கே எல்லாரும் சைக்கிளை மிதித்துத்தான் இறங்குகிறார்கள்.

"எதுலேர்ந்து எடுக்கறது புள்ள?"

"வியாழக்கிழமை மத்தியானத்த யாரு கேக்கறா? தூங்கி வழியற நேரம்."

சென்னியப்பன் கணக்குப் போட்டான். ஒரு நாளில் மூன்று சதவீதம் என்றால் நாற்பத்து மூன்று நிமிஷம், பன்னிரண்டு விநாடி. இரண்டரை மணியிலிருந்து வெட்டி எடுத்து, காத்திருப்பில் ஒட்டினான். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு புள்ளி ஐந்து இரண்டு!

"மாப்ள, எந்திரிங்க!" என்று கத்தினான்.

"இருக்கட்டுமுங்க, கால் மரத்துப் போச்சு" என்றான் எர்னஸ்டோ. தாரணி ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு, இரண்டு கையாலும் அவனைப் பிடித்துத் தூக்கினாள். அடிப்பவர்கள் மட்டையைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பந்து மேஜையிலிருந்து இறங்கித் தானாகப் போயிற்று.

நிச்சயதார்த்தம் அமர்க்களமாக நடந்தது. கல்யாணத்துக்குத் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நல்ல முகூர்த்தம் கிடைத்தது, அதையே வைத்துக்கொண்டார்கள். நிச்சயம் முடிந்த அந்த வாரம் வியாழக்கிழமை இரண்டரைக்கு டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க வாங்கிய டீ, கைக்கு வரும்போதே ஆறி ஏடு கட்டியிருந்தது. குடித்தவர்கள் சர்க்கரை சரியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் முதல் ஆளாக வியாழக்கிழமை நின்றது. மூச்சு வாங்கியது. சட்டையின் வலது கை மட்டும் கொஞ்சம் குட்டையாக இருந்தது.

"வணக்கமுங்க. முன்ன மாதிரி இல்லீங்க, இப்ப வெகு சீக்கிரமா முடிஞ்சர்றன். ஓட்டம் எவ்வளவு போடுவீங்க?"

சென்னியப்பன் அதைத் தெருமுனை வரை ஓடிவரச் சொன்னான். போனது தெரிவதற்குள் வந்துவிட்டது. ஓட்டத்துக்குத் தொண்ணூற்றேழு போட்டான். காத்திருப்புக்கு நான்கு. மொத்தம் ஐம்பத்தாறு வந்தது.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்றது வியாழக்கிழமை. "தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு மட்டும் எனக்கு மேட்ச் வெச்சராதீங்க. அன்னிக்கு நான் முழுசா மண்டபத்துல இருக்கோணும்."

தாரணி உள்ளே போய் அதற்கு ஒரு பத்திரிகை எடுத்து வந்து, மஞ்சள் தடவி, இரண்டு கையாலும் கொடுத்தாள். சென்னியப்பன் அட்டவணையைத் திறந்து, கல்யாண வாரத்தில் வியாழக்கிழமைக்கு இருந்த மேட்சுகளையெல்லாம் புதன்கிழமைக்கு மாற்றினான்.