முதல் தரம்

எங்கள் மருத்துவமனை வாசலில் தரச் சான்றுப் பலகை மாட்டிய அன்று, பூனையோடு அடிக்கடி வரும் பூனைக்கார அம்மா ஒரு டப்பா மிட்டாயோடு வந்து அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எனக்கு அப்பவே தெரியும் டாக்டர். உங்களுக்கு முதல் தரம் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?" அண்ணி அவருக்கு விளக்க ஆரம்பித்தாள். முதல் தரம் என்றால் ஏணியில் முதல் படி, மூன்றாம் தரம்தான் உச்சி, எங்களுக்குக் கிடைத்திருப்பது அடிப்படி. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எப்பவுமே தன்னடக்கம் ஜாஸ்தி," என்று சொல்லி அண்ணியின் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தார். அதோடு அண்ணியின் விளக்கம் முடிந்தது.

என் அண்ணி கால்நடை மருத்துவர். நாய், பூனை, எப்போதாவது ஒரு கிளி. நான் முன்மேசையில் உட்கார்ந்து சீட்டுப் போடுவேன், போனை எடுப்பேன், கடிக்கும் நாய்க்கு வாய்க்கட்டுப் போட மட்டும் எழுந்து போவேன். அண்ணன் வெளியூர் வேலையில் இருப்பதால் வீட்டிலும் நாங்கள் இருவர்தான், இங்கேயும் நாங்கள் இருவர்தான். எங்களுக்குள் சண்டை வந்தால் சமாதானம் பண்ணி வைக்க நாய்கள்தான் இருந்தன.

செல்லப் பிராணி மருத்துவமனைகள் எல்லாம் தரச் சான்று வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது அண்ணி சந்தோஷப்பட்டாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். கண்டவனும் கத்தியைப் பிடிக்கிறான், இனிமேலாவது ஒரு ஒழுங்கு வரட்டும் என்றாள். ஆய்வுக்கு வந்தவரும் நல்ல மனிதர். மருந்து அலமாரியையும் பயன்படுத்திய ஊசிகளைப் போடும் குப்பைத் தொட்டியையும் பார்த்துப் பாராட்டினார். பிறகு அறுவை அறையில் நின்று, "ஆபரேஷன் பண்ணின நாயை ராத்திரி யாரு பாத்துப்பாங்க?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் அண்ணி.

"நீங்க எப்ப தூங்குவீங்க?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோது ஆளுக்குக் கோபம்கூட வராது. இரண்டாம் தரத்துக்கு இரவுப் பணியாள் வேண்டும், தனி எக்ஸ்ரே அறை வேண்டும், தேறி வரும் பிராணிகளுக்குத் தனி அறை வேண்டும். வீட்டுக்காரரோ ஒரு ஆணி அடிக்கவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர். ஆகவே முதல் தரம், அதில் அறுவை சிகிச்சைக்கு அனுமதி கிடையாது. முதல் தரத்துக்கும் ஒரு நிபந்தனை இருந்தது, பூனைகள் நாய்களைப் பார்க்காமல் காத்திருக்கத் தனி இடம் வேண்டும். இனிமேல் வேலையில்லாத ஒரே இடம் அறுவை அறை. மேஜை போயிற்று, மயக்க மருந்து இயந்திரம் போயிற்று, பெரிய விளக்கை ஒரு பல் டாக்டர் வாங்கிக்கொண்டு போனார். அங்கே இப்போது பூனைகள் மெத்தை நாற்காலியில் ராஜ மரியாதையோடு உட்கார்ந்திருக்கின்றன.

தரத்தைக் கீழிருந்து எண்ணியவர்கள் எந்த உலகத்தில் வாழ்கிறார்களோ தெரியாது. மூன்றாம் தரம் என்றால் என்ன என்று அரிசி வாங்கப் போகிற எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். பலகையைத் தெருவைப் பார்த்து மாட்ட வேண்டும், பக்கத்தில் வேறெதுவும் ஒட்டக் கூடாது என்பது விதி. 'இங்கே அறுவை சிகிச்சை செய்வதில்லை' என்று அண்ணி ஒட்டிய தாளை அடுத்த முறை ஆய்வுக்கு வந்தவர் மரியாதையாகக் கிழித்து, உள்ளே ஒட்டச் சொன்னார். அண்ணி தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு மத்தியான வேளையில். நாயின் பெயர் மந்திரி. கன்றுக்குட்டி அளவு. தடுப்பூசிக்கு வந்தால் என் மேஜைமேல் முகத்தை வைத்து எல்லோரையும் மேற்பார்வை பார்க்கும், அதனால் அந்தப் பெயர் அதற்குப் பொருத்தம்தான். அன்று அதன் வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. வாந்தி எடுக்கக் குமட்டிக் குமட்டிப் பார்க்கிறது, நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. அண்ணி விலாவில் விரலால் தட்டினாள். மத்தளம் போலக் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"இரைப்பை முறுக்கிக்கிச்சு அண்ணே. உடனே திறந்து திருப்பணும். இங்க முடியாது."

"முடியாதுன்னா? போன தடவ பக்கத்து வீட்டு நாய்க்கு நீங்கதானே பண்ணினீங்க."

"அப்ப பண்ணினேன். இப்ப அந்த அறையே இல்ல. பாலம் தாண்டி பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க போகணும்."

"அது மூணாம் தரம்மா. வாசல்லயே போட்டிருக்கான்."

அண்ணி பேசிக்கொண்டே வயிற்றில் முடியை மழித்து, தடித்த ஊசி ஒன்றை விலாவில் இறக்கினாள். காற்று உஸ்ஸென்று வெளியேறியது. மந்திரி ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைச் சாய்த்தது. வேன்காரர், நாய் பிழைத்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"இது கொஞ்ச நேரத்துக்குத்தான்," என்றாள் அண்ணி. "மூணாம் தரம்னா அதுதான் எல்லாத்துலயும் பெருசு அண்ணே. எங்களுது சின்னது. தடுப்பூசி, காய்ச்சல், நகம் வெட்டுறது, அவ்வளவுதான்."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாமே," என்றார்.

உள்ளே காத்திருந்த பூனைக்கார அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நாங்களும் வேனில் ஏறினோம். நான் குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன். அண்ணி தரையில் உட்கார்ந்து ஊசி நழுவாமல் பிடித்திருந்தாள். சீட்டுக்கு அடியில் ஏதோ ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டே இருந்தது. வழியெல்லாம் வண்டிகள். பாலத்தின்மேல் நத்தைகூட எங்களைத் தாண்டிப் போயிருக்கும். பாதிப் பாலத்தில் மந்திரியின் வயிறு மறுபடி உப்பத் தொடங்கியது. அண்ணி இன்னொரு ஊசி இறக்கினாள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள், வெளுத்திருந்தது. "திறந்தா எனக்குத் திருப்பத் தெரியும்," என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பாட்டிலை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒழுங்கு. நாங்கள் போன் செய்திருந்ததால் தள்ளுவண்டியோடு தயாராக நின்றார்கள். அண்ணி ஓடிக்கொண்டே விவரம் சொன்னாள். குறுக்கே பேசாமல் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கண்ணாடிக் கதவு வரை போனதும் ஒரு பெண் கையை நீட்டித் தடுத்தாள். "மன்னிச்சுக்குங்க டாக்டர். எங்க பணியாளர்கள் மட்டும்தான் உள்ள வரலாம்." அவள் சொன்னதும் சரிதான். எங்கள் கெட்ட காலம், அன்றைக்குப் பார்த்து எல்லோரும் சரியாகவே இருந்தார்கள். தள்ளுவண்டி திரும்பும்போது மந்திரியின் வால் ஓரத்தில் தொங்கியது. கதவு மூடிக்கொண்டது.

மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். அண்ணியின் சட்டையில் நுரை காய்ந்திருந்தது. வேன்காரர் வெளி கேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இந்த வாசல்லதான்மா நின்னேன்," என்றார். "உங்ககிட்ட வரும்போது. சிவப்பு விளக்கு விழுந்திடுச்சு. கேட்டுக்கு நேரா நிக்கிறேன். மந்திரி சன்னல் வழியா இந்தப் பக்கம்தான் பாத்துட்டிருந்தான். பச்சை விழுந்ததும் வண்டிய எடுத்துட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அழாதபோது நான் அழுவது அநியாயம் என்று அடக்கிக்கொண்டேன்.

"உள்ள என்ன பண்ணிட்டிருப்பாங்க?" என்று கேட்டார்.

"முதல்ல மயக்கம் குடுப்பாங்க. அப்புறம் நடு வயித்துல திறப்பாங்க."

"எப்படித் திருப்புவாங்க? வலிக்குமா?"

"வலிக்காது அண்ணே. தூங்கிட்டிருப்பான்." அண்ணி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "வலது கை இப்படிக் கீழ போகும். பந்து மாதிரி இருக்கும், வழுக்கும். அவசரப்படக் கூடாது. இடது கையால மேல இருந்து மெல்ல அழுத்தணும், இந்தக் கையால அடியில இருந்து தூக்கணும். தானா ஒரு இடத்துல இசைஞ்சு குடுக்கும். கைக்குத் தெரியும்."

அவர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் காற்றில் அவள் விரல்கள் விரிந்து, கனமான எதையோ தாங்கி, அங்குலம் அங்குலமாகத் திரும்பின. அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சை உடையில் ஒருவர் வந்து நின்று முகமூடியை அவிழ்க்கத் தொடங்கினார். வேன்காரர் எழுந்துவிட்டார். அண்ணி எழவில்லை. பாதி திருப்பியதை அப்படியே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.