பாலிஷ்காரரின் வேர்வை

நாற்காலிப் பட்டறையின் கிரிக்கெட் அணியில் பாலிஷ்காரருக்குப் பந்து வீசத் தெரியாது. பிடிக்கவும் தெரியாது. மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில் மட்டும் ஓரளவு தெளிவு உண்டு. ஆனாலும் பன்னிரண்டு வருடமாக அவர் இல்லாமல் பட்டறை ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. காரணம், அவருடைய நெற்றி.

முப்பது வருடம் சன்னல் திறக்காத அறையில் அரக்கும் வார்னிஷும் சுவாசித்தவர். உள்ளே போனது எப்படியாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? வேர்வையில் வர ஆரம்பித்தது. நெற்றியில் உட்கார வந்த ஈக்கள் வழுக்கி விழுந்தன. அவர் தலை சாய்த்த சுவரைப் பார்த்துத்தான் தலை வாரிக்கொள்வதாக மனைவி சொன்னாள். மிகைப்படுத்திப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கிரிக்கெட் பந்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால், காற்று பளபளப்பான பக்கத்தை வழுக்கி விட்டுவிடும். சொரசொரப்பான பக்கத்தை ஒட்டிக்கொண்டு போகும். பந்து சொரசொரப்பு இருக்கும் பக்கமாக வளையும். பாலிஷ்காரர் நெற்றியில் ஒரு இழுப்பு, கால்சட்டையில் நாலு தேய்ப்பு, அவ்வளவுதான். அதன்பின் வீசுகிறவன் கையில் ஒன்றுமில்லை. வேர்வையைத் தவிர வேறு எதையும் பந்தில் பூசக்கூடாது என்பது சட்டம். பாலிஷ்காரரும் வேறு எதையும் பூசியதில்லை.

அச்சகத்தோடு இறுதி ஆட்டம். முதலில் அச்சகம் மட்டை பிடித்தது. நாலாவது ஓவரில் மூன்று பேரின் ஸ்டம்பு பறந்ததும், அச்சக அணித் தலைவரான பைண்டர் உள்ளே ஓடிவந்தார்.

"அம்பயர் சார், அந்த ஆளு நெத்தியில இருக்கறது வேர்வை இல்ல. வார்னிஷ்!"

அம்பயர், பாலிஷ்காரரின் மனைவியுடைய தம்பி. ஆனால் சட்டப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தூங்குகிறவர்.

"மச்சான், அவன் என்னமோ உளர்றான்..." என்றார் பாலிஷ்காரர்.

"மைதானத்துல மச்சான்னு கூப்பிடாதீங்க. இங்க நான் அம்பயர்."

"சரிங்க அம்பயர் மச்சான்."

அம்பயர் கைக்குட்டையால் அந்த நெற்றியைத் துடைத்து, ஸ்கோர் எழுதுகிறவரின் பழைய முக்காலியில் ஒரு தேய் தேய்த்தார். முக்காலிக் காலில் அவர் முகம் தெரிந்தது. முகச்சவரம் சரியாகச் செய்யாததும் தெரிந்தது.

"பாத்தீங்களா!" என்று குதித்தார் பைண்டர்.

"என் நெத்தியில இருந்துதானே வந்துச்சு? வழியில எந்தக் கடைக்கும் போய்ட்டு வரலையே," என்றார் பாலிஷ்காரர். அது வேர்வை இல்லை என்று முடிவானால், வேறு எந்தத் திறமையைச் சொல்லி அணியில் இருப்பது? அதன்பின் ஞாயிற்றுக்கிழமை என்பது வீட்டில் ஒட்டடை அடிக்கிற நாள்.

அம்பயர் அவரைக் குழாயடிக்கு அழைத்துப்போனார். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பிறகு கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தினார். இருபத்தொரு பேரும் சுற்றி நின்று ஒரு நெற்றியையே பார்த்தார்கள். முதல் துளி அரும்பியது. முக்காலியின் இரண்டாவது காலும் பளபளத்தது.

"உள்ளேருந்து வந்தா வேர்வை. வெளியேருந்து வந்தாதான் கலப்படம். செல்லும்," என்றார் அம்பயர். பைண்டர் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னார்: "ஆனா நியாயம் ரெண்டு பக்கமும் வேணும். அவங்க வீசும்போதும் இவர்தான் தேய்ச்சுக் கொடுக்கணும். ஒரு அணிக்கு அழுத்தி, ஒரு அணிக்கு லேசா தேய்ச்சீங்கன்னு தெரிஞ்சுது, இனி இந்த மைதானத்துப் பக்கமே வரக்கூடாது. அக்கா வந்து சொன்னாலும் சரி."

அச்சகம் தொண்ணூறு ஓட்டத்தில் சுருண்டது. பட்டறை மட்டை பிடித்தபோது, பாலிஷ்காரர் எல்லைக்கோட்டில் உட்கார்ந்து எதிராளிக்குப் பந்து தேய்த்துக் கொடுத்தார். அவர் தேய்த்த பந்தில் அவருடைய ஆட்களே வரிசையாகத் திரும்பி வந்தார்கள். போகிற போக்கில் ஒவ்வொருவரும் அவரை ஒரு பார்வை பார்த்தார்கள்.

ஒன்பது பேர் போயாயிற்று. பட்டறையும் தொண்ணூறு. கடைசி ஓவர், மீதி ஒரே பந்து. வெற்றிக்கு ஒரு ஓட்டம் வேண்டும். இறங்க வேண்டியவர் பாலிஷ்காரர். அதற்கு முன் அவர் தேய்த்துக் கொடுக்க வேண்டியது, தனக்கு வரப்போகிற பந்தை.

அணித் தலைவரான தச்சு மேஸ்திரி காதோரம் குனிந்தார். "அண்ணே, லேசா தேய்ங்க. நேரா வந்தா மட்டையில எங்கயாவது பட்டுத் தொலையும்."

பாலிஷ்காரருக்கும் ஆசைதான். இரண்டு தேய்ப்போடு நிறுத்தப் பார்த்தார். கை நிற்கவில்லை. அரைகுறையாகப் பளபளக்கிற எதையும் அது இதுவரை கீழே வைத்ததில்லை. பந்தில் மேகம் தெரிகிறவரை தேய்த்தார். பிறகு அதை ஒட்டடைக்குச்சியிடம் கொடுத்துவிட்டு மட்டையோடு நடந்தார். ஒட்டடைக்குச்சி என்பது அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர், அவ்வளவு உயரம்.

ஒட்டடைக்குச்சி நடு ஸ்டம்பைக் குறிவைத்துத்தான் வீசினார். பந்து பாதி தூரம் ஒழுங்காக வந்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் ஒதுங்க ஆரம்பித்தது. பாலிஷ்காரர் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைத் தலைக்குமேல் தூக்கினார். விக்கெட் கீப்பர் பாய்ந்தார். பந்து அவரைச் சுற்றிக்கொண்டு போனது. ஸ்கோர் மேசையையும் ஒரு சுற்றுச் சுற்றி, பெரிய வட்டமடித்து, வீசியவரின் காலடியிலேயே வந்து நின்றது.

அம்பயர் இரண்டு கையையும் விரித்தார். வைடு. ஒரு ஓட்டம்.

"மச்சானுக்காகக் கொடுத்துட்டீங்க!" என்று கத்தினார் பைண்டர்.

அம்பயர் ஒட்டடைக்குச்சியைப் பார்த்தார். ஒட்டடைக்குச்சி காலடியில் கிடந்த பந்தைப் பார்த்தார். "வைடுதாங்க," என்றார் பவ்யமாக.

மேஸ்திரி பாலிஷ்காரரைத் தூக்கப் போனார், வழுக்கியது, விட்டுவிட்டார். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பைண்டர் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அடுத்த ஆட்டத்துல எங்களுக்குக் கொஞ்சம் கம்மியா தேய்ச்சுக் கொடுங்க."

பாலிஷ்காரர் அந்த நாளிலேயே முதல் முறையாக முகத்தைச் சுருக்கினார்.

"கம்மியாவா? அது எப்படிப்பா பண்றது?"