ஊமைப்பேச்சு

எண்ணெய் போவேனா என்றது. தம்பியின் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு அக்கா சாம்பலால் தேய்த்தாள், சோப்பால் தேய்த்தாள், கடைசியில் பாத்திரம் துலக்கும் நாரையே எடுத்து நகக்கண் வரை தேய்த்துப் பார்த்தாள். ரேகைகளில் ஏறியிருந்த கறுப்பு அப்படியே இருந்தது. கையைக் கழுவாமல் சாப்பிட உட்காருகிறான் என்று இவனை எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். "கழுவிட்டுத்தான்க்கா வந்தேன், போகல" என்பான். சும்மா புளுகுகிறான் என்றே இவ்வளவு நாள் நினைத்திருந்தாள்.

இடது கையைத் தேய்க்கும் வேலை இருக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கோடித் துணியில் சுற்றி, பிரித்துப் பார்க்க முடியாதபடி தைத்தே அனுப்பியிருந்தார்கள் மில்லிலிருந்து. தையல் என்னவோ நேர்த்தியாகத்தான் இருந்தது.

"மெதுவா அண்ணி, அவருக்கு வலிக்கும்" என்றாள் தம்பி மனைவி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மூலையில் குடத்துத் தண்ணீர் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அது எப்போதும் அப்படித்தான். வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆறு, ஆற்றின் மேல் மில், மில்லின் விலாவில் பெரிய மரச்சக்கரம். ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம், தறிக்கூடத்தின் கூரைக்கடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புத் தண்டைச் சுற்றும். தண்டிலிருந்து இறங்கும் தோல்பட்டைகள் தறிகளை ஓட்டும். அந்தத் தண்டுக்கு எண்ணெய் விடுவதுதான் தம்பியின் வேலை. எண்ணெய்க்குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு உத்தரத்தோடு உத்தரமாக ஒட்டிப் போவான். அதனால் பல்லி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணப் பந்தலில்கூட யாரோ "மாப்பிள்ளைப் பல்லி எங்கே?" என்று கேட்டு, பெண் வீட்டார் முகம் சுளித்தது தனிக்கதை.

நேற்று மத்தியானம் அந்தத் தண்டு அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டது. அவனை இறக்குவதற்காகக் கொஞ்ச நேரம் சக்கரத்தை நிறுத்தினார்களாம். இறக்கியதும் ஓட்டிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் பஞ்சு அடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு, சக்கரம் நின்றபோது என்ன அதிசயம் என்று தோன்றியதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் மேனேஜர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் தறிக்கூடத்து மேஸ்திரி. அவருக்கும் பின்னால், நிலையில் தலை இடிக்காமல் குனிந்தபடி, நெட்டை. தண்டுக்கு நேர் கீழே இருக்கும் தறி அவளுடையது. உயரத்துக்காக வந்த பெயர் அது. கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

மேனேஜர் கிடத்தியிருந்தவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நல்ல பையன். வேலைக்காரன். ஆனா பாருங்கம்மா, சக்கரத்தை நிறுத்தணும்னு சொல்லாமக் கொள்ளாம தானா ஏறிட்டான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நிறுத்தியிருப்போம். இதை உங்க வாயாலயும் ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா விஷயம் முடிஞ்சிடும். மேலிடத்துலேர்ந்து வந்து கேப்பாங்க, அதுக்குத்தான். இந்தப் பொண்ணு இந்த வீட்டுலயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

வீடு மில்லுடையது. பாத்துக்கறேன் என்றால், சொல்லாவிட்டால் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று அர்த்தம். அது புரியாத அளவுக்கு அக்கா பச்சைக்குழந்தை இல்லை.

"அவன் கேக்காம ஏற மாட்டான்" என்றாள். மில்காரர்கள் எல்லோரையும் போல அவளும் உரக்கத்தான் பேசுவாள். இப்போது கூரை அதிர்ந்தது. "உத்தரத்துக்குப் போறதுக்கு முன்னாடி செருப்பைக்கூட கேட்டுட்டுத்தான் கழட்டுவான் அவன்."

"சந்தேகமா இருந்தா இவகிட்ட கேளுங்க" என்றார் மேனேஜர். "தறிக்குக் கீழயே இருந்தா. சொல்லும்மா."

நெட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நான் அறுந்த நூலைக் கட்டிக்கிட்டிருந்தேன்க்கா. குனிஞ்சிருந்தேன். ஒண்ணும் பாக்கல."

குரல் அதோடு நின்றது. வாய் நிற்கவில்லை.

தறிக்கூடத்துச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்குக் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஊமைப்பேச்சு என்று அதற்குப் பெயர். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வம்பு போகும், காதல் போகும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடாது. மாமியாரை மாமியார் எதிரிலேயே வாய் வலிக்கத் திட்டலாம், மாமியார் மில்லில் வேலை பார்த்தவளாக இல்லாவிட்டால். மேனேஜருக்கு இது தெரியாது. கற்றுக்கொள்ள அவருக்கு அவசியமும் வந்ததில்லை.

மேனேஜரின் தோளுக்குப் பின்னால் நெட்டையின் உதடுகள் அசைந்தன. அக்கா கண் இமைக்காமல் பார்த்தாள்.

மேலேர்ந்து கேட்டான். நிறுத்தலாமான்னு. மேஸ்திரி சைகையில இவருகிட்ட கேட்டாரு, இவரு தலையாட்டி வேணாம்னாரு. மேஸ்திரிதான் வாயால சொன்னாரு. நிறுத்த முடியாது, ஓடுறப்பவே ஊத்துன்னு. எல்லாரும் பாத்தோம்.

அக்காவின் மடியிலிருந்து தம்பியின் கை நழுவியது. அதை எடுத்துப் போர்வை மேல் வைத்தாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் தறியோரம் வளர்ந்தவர். அவளும் அவரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஊமைப்பேச்சில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நெட்டை வாயைத் திறந்ததுமே அவருடைய பார்வை தரைக்குப் போய்விட்டிருந்தது. கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

"கேட்டான்" என்றாள் அக்கா. "நிறுத்தலாமான்னு கேட்டான். வேணாம்னு நீங்க சொன்னீங்க."

மேனேஜர் முகம் கடுத்தது. "யார் சொன்னா? யார் காதுல விழுந்துச்சு?"

கேள்வி சரியான கேள்விதான். ஒருவர் காதிலும் விழவில்லை. கூடம் முழுக்கக் கண்ணால் பார்த்தது. ஆனால் யார் என்று கேட்டால் ஓர் ஆளைக் காட்ட வேண்டும்.

"சொல்லுங்கம்மா. ஆளைச் சொல்லுங்க. விசாரிப்போம்." அவர் நெட்டையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவ வீட்டுக்காரன்தான் இப்ப அந்த வேலைக்கு. இன்னிக்குக் காலையிலயே ஏறிட்டான். ஒரு குறையும் சொல்லல."

நெட்டையின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் இந்த வீட்டோடு சேர்த்து அந்த வீடும் நடுத்தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் நாளைக்கே அவள் புருஷனையும் துணியில் சுற்றித் தைத்து அனுப்புவார்கள். தெரிந்ததைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. கையிலிருந்த நாரைத் தண்ணீருக்குள் எறிந்தாள். தண்ணீர் மேனேஜரின் கால்சட்டையில் தெறித்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவனைத் தூக்கிக்கிட்டு மில்லு வாசலைத் தாண்டிப் பாலம் ஏறுற வரைக்கும் அந்தச் சக்கரத்தை நிறுத்துங்க."

"என்னம்மா நீங்க. அவசர ஆர்டர். போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் நிறுத்திக்கிட்டிருந்தா மில்லு என்னத்துக்காகும்?"

"நேத்து நிறுத்தியிருந்தா நாங்க இன்னிக்குக் கேட்டிருக்க மாட்டோமே."

குடத்துத் தண்ணீர் அதிர்ந்துகொண்டிருந்தது. அப்போது தம்பி மனைவி தலையை நிமிர்த்தினாள். வயல் வேலைக் குடும்பத்திலிருந்து வந்தவள். மில்லுக்குள் காலெடுத்து வைக்காதவள். ஊமைப்பேச்சும் தெரியாது. ஆனால் அக்காவின் முகத்தைப் படிக்கத் தெரிந்தது.

"அண்ணி, இந்த ஆள் சொல்றது பொய்யா?"

"பொய்."

"அப்ப வீடு வேணாம். வெளிய போகச் சொல்லுங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆணியில் தொங்கிய தம்பியின் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அப்போதே வீட்டைக் காலி செய்கிறவள் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நெட்டை அவர் பின்னால் போனாள், கடைசியில் மேஸ்திரி. வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் அவருடைய உதடு ஏதாவது சொல்லும். அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

தூக்குவதற்கு மில்லிலிருந்து ஆள் விடவில்லை. அவனோடு ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், சீட்டு ஆடியவர்கள், கல்யாணத்தில் விடிய விடியக் கூத்தடித்தவர்கள் எல்லோரும் தறியோடு கட்டப்பட்டிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் வந்தார். செருப்புத் தைப்பவர் வந்தார். இருமல் தாங்காமல் மில்லை விட்டு நின்றுவிட்ட கிழவர் ஒருவர், வேண்டாம் என்றாலும் கேட்காமல், பின்பக்கம் பாடையின் ஒரு முனையைப் பிடித்தார். முன்பக்கம் ஒரு முனைக்கு ஆள் இல்லை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"பொம்பளை எதுக்கும்மா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"நடைபழகுற வரைக்கும் நான்தான் இவனைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். கனம் எனக்குத் தெரியும். தூக்குங்க."

ஆற்றோரப் பாதை மில் சுவரை உரசிக்கொண்டு போகும். நெருங்க நெருங்கச் சக்கரத்தின் சத்தம் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மில் வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். மரியாதைக்காக இல்லை, யாராவது வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்களோ என்று காவலுக்கு. பக்கத்தில் மேஸ்திரி. சக்கரம் அதன்பாட்டுக்குத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

அக்கா மேலே பார்த்தாள். தறிக்கூடத்து ஜன்னல்கள் வரிசையாகத் திறந்திருந்தன. கூரையை ஒட்டிய சின்ன ஜன்னலில் உத்தரத்தின் மேல் இரண்டு கால்கள் தெரிந்தன. இடுப்பில் எண்ணெய்க்குப்பி. நெட்டையின் வீட்டுக்காரர். தண்டு அவருக்குப் பக்கத்தில் பளபளவென்று சுழன்றுகொண்டிருந்தது.

அதற்குக் கீழே இருந்த ஜன்னலுக்கு நெட்டை வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரையும் பார்க்காமல், நேராக அக்காவைப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது.

நிறுத்தல.

அடுத்த ஜன்னலில் இன்னொருத்தி. அதற்கடுத்ததில் ஒரு நரைத்த மீசை. பிறகு ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் நெருக்கியடித்தன. அத்தனை வாயும் ஒரே சொல்லைச் சொல்லின. கேட்டான், நிறுத்தல. கேட்டான், நிறுத்தல. சக்கரத்தின் இரைச்சலில் ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்கவில்லை.

"என்ன அண்ணி சொல்றாங்க?" தம்பி மனைவி அவள் காதோடு வாயை வைத்துக் கத்தினாள்.

அக்கா சொன்னாள். தம்பி மனைவி அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவளும் வாயை அசைத்தாள். பழக்கமில்லாததால் உதட்டை அளவுக்கு மீறிக் கோணினாள். மேலே இருந்தவர்களுக்கு அது புரிந்தது.

வாசலுக்கு நேராக வந்தபோது அக்கா நின்றாள். மற்ற மூவரும் தடுமாறி நின்றார்கள்.

"யார் சொன்னான்னு கேட்டீங்களே!" என்று கத்திவிட்டு, தாடையால் மேலே காட்டினாள்.

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் நிறைய வாய்கள் திறந்து மூடுவதைப் பார்த்தார். அவருடைய கண் ஒவ்வொரு முகமாகத் தாவி, யாரை முதலில் வேலையைவிட்டு அனுப்புவது என்று தெரியாமல் திரும்பி வந்தது. மேஸ்திரியின் பக்கம் சாய்ந்து கத்தினார்.

"தறியை விட்டுட்டு என்னய்யா வாயை மென்னுக்கிட்டு நிக்கறாங்க? என்ன சொல்றாங்க?"

மேஸ்திரி அவரைப் பார்க்கவில்லை. சின்ன ஜன்னலில் தெரிந்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கால் உத்தரத்தில் இடம் மாறி, தடவித் தடவி, மறுபடி ஊன்றியது.

"நிறுத்தலங்க!" என்றார். "நிறுத்தலன்னு சொல்றாங்க!"

"என்ன?"

"நான்தான் சொன்னேங்க! ஓடுறப்பவே ஊத்துன்னு! நீங்க சொல்லச் சொன்னீங்க, நான் சொன்னேன்!"

கழுத்து நரம்பு புடைக்க, வாய் கிழியக் கத்தினார். இவ்வளவு நாள் மில்லில் அவர் கத்தி யாரும் பார்த்ததில்லை.

மேனேஜர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "கேக்கலைய்யா! சத்தமாச் சொல்லு!"

அக்கா நடக்க ஆரம்பித்தாள். பாலத்து ஏற்றத்தில் பாரம் அவள் பக்கமாகச் சரிந்தது. கையில் ஒட்டியிருந்த எண்ணெயில் கட்டை வழுக்கியது. கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் மேஸ்திரி இன்னொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.