தாம்பாளத்தில் அடங்கும் கம்ப்யூட்டர்

விராலிமலையிலிருந்து அத்தை போன் செய்து கலைமதிக்குச் சடங்கு என்று சொன்ன அன்றே, தாய்மாமன் சீராக என்ன வேண்டும் என்று அப்பா கேட்டுவிட்டார். கலைமதி என் அத்தை மகள். பதின்மூன்று வயது. கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள்.

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "சங்கிலி கேப்பான்னு பாத்தா சனியனக் கேட்டிருக்கா."

"காலம் அப்புடி, அமிர்தவல்லி. கேட்டதச் செஞ்சாத்தான் மாமன்" என்று அப்பா சிரித்தார்.

நான் வயதுக்கு வந்தது ஊரடங்கில். என் மாமா முகக்கவசத்தோடு பைக்கில் வந்து, பாவாடை தாவணியை வாசற்படியில் வைத்துவிட்டு, தெருவிலிருந்தே கையாட்டிப் போனார். அந்த வருடம் பாடமெல்லாம் செல்போனில் நடந்தது. வீட்டிலிருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பள்ளி திறந்தபோது கணக்கில் எதுவுமே புரியவில்லை. எழுந்து கேட்கக் கூச்சம். பத்தாவதோடு நின்றுவிட்டேன். எனக்கென்று ஒரு போன் கேட்டிருந்தால் அப்பா வாங்கித் தந்திருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. கலைமதி கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை அப்பா பித்தளைத் தாம்பாளத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"இது எதுக்குப்பா?"

"அளவு பாக்கத்தான். சீருன்னா தலையில வச்சு மேளத்தோட போகணும்த்தா. மூணு பேரு புடிச்சுத் தூக்கிட்டுப் போனா, வீடு காலி பண்ற மாதிரி இருக்கும்." செருப்பை மாட்டிக்கொண்டே, "நீயும் கெளம்பு. எல்லாம் இங்கிலீசுல எழுதியிருக்கும். நீ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்" என்றார்.

திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகும்போது எனக்குள் அந்த ஒரு வார்த்தைதான் ஓடியது. வாங்குவதும் வாங்காததும் என் கையில். கண் கெட்டுவிடும், படிப்பு போய்விடும், அதற்குப் பதில் வளையல் போடலாம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடையில் ஷீபா என்ற அக்கா இருந்தார். கடையே அவருடையதுதான். அப்பா தாம்பாளத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "தங்கச்சி, இதுல நிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க. எம் பொண்ணுதான் முடிவு சொல்லும்."

"அண்ணே, தாம்பாளத்த வச்சு அளந்து நான் கம்ப்யூட்டரு வித்ததே இல்ல."

"இன்னைக்கு வித்துருங்க."

ஷீபா அக்கா சிரித்துக்கொண்டே இரண்டைக் காட்டினார். இரண்டுக்கும் ஒரே விலை. ஒன்று முழங்கால் உயரம், பக்கவாட்டில் கண்ணாடி. மற்றது கம்பெனியிலேயே முழுசாகச் செய்து வருவது. இரண்டு செங்கலை அடுக்கி வைத்த அளவுதான். டிவியில் மாட்டிக்கொள்ளலாம். அப்பா அதைத் தாம்பாளத்தில் வைத்தார். சுற்றிலும் வெற்றிலை, பழம் வைக்க இடம் மிச்சமிருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குள் அத்தையிடமிருந்து போன் வரவே, பேசிக்கொண்டே தெருவுக்குப் போனார்.

ஷீபா அக்கா என் பக்கம் குனிந்தார். "நீதான் முடிவு சொல்லணுமாமே பாப்பா? சின்னது நல்லதுதான். ஆனா உள்ள காத்து போக எடம் கம்மி. தொறந்தாப்ல வைக்கணும், இல்லாட்டி சூடாயி நின்னுரும். பின்னாடி பெரிய பெரிய கேமு வந்தா, பார்ட்ஸ் மாத்தவும் இதுல வழியில்ல. பெருசுன்னா ஒண்ணொண்ணா மாத்திக்கிட்டே போகலாம். அப்பாகிட்ட சொல்லு, என்ன?"

தலையாட்டினேன். அவர் ஒரு கார் ஓட்டும் கேமைப் போட்டு, பொத்தான் வைத்த கைப்பிடியை என்னிடம் கொடுத்தார். முதல் வளைவிலேயே பாறையில் மோதினேன். இரண்டாம் முறை மோதவில்லை. நான் திருப்பிய பக்கம் கார் திரும்பியது. மழை பெய்யும் மலைப்பாதையில் நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இது தினமும் அவளுக்கு என்று நினைத்ததும் வளைவு தப்பி, கார் பள்ளத்தில் விழுந்தது.

அப்பா வந்தார். "என்னாத்தா, சரியா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஏன் என்று கேட்பார். ஷீபா அக்கா பெரியதைக் காட்டி விளக்குவார். அவளுக்கு நல்லதே கிடைத்துவிடும்.

"சின்னதே சரிப்பா."

ஷீபா அக்கா என்னைப் பார்த்தார். "அண்ணே, பாப்பாகிட்ட ஒரு விசயம்..."

"அவ பாத்தாச்சுல்ல, போதும் தங்கச்சி. எங்க வீட்ல அவதான் படிச்சவ."

நான் தாம்பாளத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

சடங்கன்று, நீ எடுத்ததை நீயே தூக்கு என்று அப்பா அந்தத் தாம்பாளத்தை என் தலையில் வைத்தார். விராலிமலைத் தெருவில் மேளத்துக்குப் பின்னால் நடந்தேன்.

"நடுத்தட்டுல என்ன, மிக்சியா?"

"கம்ப்யூட்டராம்டி!"

"அடியாத்தி, இம்புட்டூண்டா?"

என்னை அத்தனை பேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னை எங்கே பார்த்தார்கள், என் தலைக்கு மேலே பார்த்தார்கள்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் கலைமதி என்னை அறைக்குள் இழுத்துப்போனாள். பட்டுப்புடவை மடியில் அந்தப் பெட்டி.

"மதினி, நீங்கதான் செலக்ட் பண்ணீங்களாமே! மாமா சொன்னாங்க. பெருசா வாங்கிட்டு வந்துருவாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். பெருசுன்னா எங்கண்ணன் மொத ஆளா ஒக்காந்துருவான், எந்திரிக்கவே மாட்டான். இது டிவி ஷோகேசுக்குள்ள போயிரும். கண்ணாடிக் கதவப் பூட்டி, சாவிய நான் வச்சுக்குவேன்." கழுத்துச் சங்கிலியில் அந்தச் சாவியை ஏற்கெனவே கோத்து வைத்திருந்தாள்.

அவளுக்கு மட்டமானது போகட்டும் என்று நான் செய்ததும் அவள் ஆசைப்பட்டதாகவே போய் முடிந்திருந்தது. அப்புறம்தான் கண்ணாடிக் கதவு மனசில் உறைத்தது. பூட்டிய கதவு. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சித்திரை வெயில் பார்த்துக்கொள்ளும்.

நீ எடுத்தது என்று அப்பா நம்பித் தலையில் வைத்த தாம்பாளத்தைச் சுமந்த கழுத்து இன்னும் வலித்தது.

"கதவப் பூட்டிட்டு ஓட்டாத" என்றேன். "சூடாயி நின்னுரும். வெளாடுறப்ப வெளிய எடுத்து, காத்துப்பட வை."

"அப்புடியா? ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"கடையில சொன்னாங்க."

கலைமதி பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வாங்குறதுக்கு முன்னாடியா, வாங்குன பொறகா மதினி?"

வெளியே அப்பா போட்டோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முன்னாடி."

அவள் மடியிலிருந்த பெட்டியைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.