கடைமடைக்கு வந்த தண்ணீர்

பொழுது விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனால், அவருக்கு முதல் வேலை வரப்பைச் செதுக்குவதுதான். எல்லா விவசாயிகளும் செய்கிற வேலை அது. புல்லை வழிப்பார்கள், எலி வளையை அடைப்பார்கள், சேற்றை அள்ளி மெழுகுவார்கள். இவர் செய்வதில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. வரப்பின் உள்பக்கத்து மண்ணைச் செதுக்கி வெளிப்பக்கம் பூசிவிடுவார். வெளிப்பக்கம் ஓடுவது ஊருக்குப் பொதுவான வாய்க்கால். இப்படி வருஷத்துக்கு ஒரு சாண் அவருடைய வரப்பு வாய்க்காலுக்குள் நடந்து போகும். வயலும் ஒரு சாண் வளரும். அதனால் ஊரில் அவருக்கு ஒருசாண் என்று பட்டப்பெயர். நேருக்கு நேர் அப்படிக் கூப்பிடும் தைரியம் அவர் மனைவிக்கு மட்டுந்தான் இருந்தது.

"ஒருசாண், சாப்பிட வரீங்களா, இல்ல இன்னைக்குப் பங்கு இன்னும் பாக்கி இருக்கா?" என்று தூக்குப் பாத்திரத்தோடு வந்து நிற்பாள்.

"நான் மட்டுமா பண்றேன்? பக்கத்துல வாழைக்காரர் வாய்க்காலுக்குள்ள ஒரு வரிசை மரமே வச்சிருக்கார். அவரைக் கேளு" என்பார் அவர். அந்த ஒரு பதில் அவருக்குப் பல வருஷமாகப் போதுமானதாக இருந்தது.

அந்த ஊரே வாய்க்கால் பெற்ற பிள்ளை. முன்பு அங்கே கல்லும் முள்ளும்தான் இருந்தன. பஞ்சம் பிழைக்க வந்த சில குடும்பங்கள், மலையடி ஏரியிலிருந்து மண்ணை வெட்டி, பாறை வந்த இடத்தில் சுற்றிக்கொண்டு, அந்தத் தரிசு வரைக்கும் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் ஊருக்குள் நுழைகிற இடம் தலைமடை. போய் முடிகிற இடம் கடைமடை. வெட்டியவர்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஏரி திறந்தால் முதலில் கடைமடை வயல்கள் நனைய வேண்டும். தலைமடைக்காரன் கடைசியில்தான் மடையைத் திறக்கலாம். பக்கத்தில் இருப்பவன் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வான், தூரத்தில் இருப்பவனுக்கு முதலில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தப்பவில்லை. இரண்டு போகம் நெல் விளைந்தது. நெல்லைத் தேடி மில் வந்தது. மில்லைத் தேடி லாரி வந்தது. லாரி வந்ததால் சாலை போட்டார்கள். சாலையோரம் பள்ளிக்கூடமும் மருந்துக்கடையும் முளைத்தன.

பிறகு வந்தவர்களுக்கு விதி மறந்துபோனது. தலைமடையில் ஆளுக்கு ஒரு சாண் என்று ஆரம்பித்தார்கள். வண்டி மாடு இறங்கிக் குளித்த வாய்க்கால் ஆடு தாண்டுகிற அளவுக்கு மெலிந்தது. கடைமடையில் முதலில் இரண்டாம் போகம் போனது. பிறகு முதல் போகமும் மழையை நம்பி நின்றது. ஆண்கள் டவுனுக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் ஒருசாணின் மருமகன்.

ஒரே மகளைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கடைமடைக் குடும்பத்தில் கொடுத்திருந்தார் அவர். கொடுத்தபோது அங்கே பச்சை இருந்தது.

அந்த மகள் ஒருநாள் காலையில் நேராக வயலுக்கே வந்தாள்.

"அப்பா, வாய்க்காலை அளக்கச் சொல்லி மனு குடுத்திருக்கோம். கடைமடைக்காரங்க எல்லாரும் சேர்ந்து. முன்னால நின்னது நான்தான். வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னால நானே சொல்லிடலாம்னு வந்தேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "கட்டிக்குடுத்த இடத்துக்குப் போனதும் பெத்த அப்பன் மேலயே அளவு சங்கிலி போடறியா?"

"உங்க பத்திரத்துல இருக்கற மண்ணுல ஒரு பிடிகூட எனக்கு வேண்டாம்ப்பா. ஆனா வாய்க்கால் யார் பத்திரத்துலயும் இல்லியே."

"தண்ணி இல்லன்னா போர் போடுங்க."

"போட்டுப் பார்த்துட்டோம். உப்புத் தண்ணிதான் வருது. இப்ப செங்கல் சூளைக்காரர் வந்து வயலைக் கேக்கறார். வித்தா ஆள் உயரத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்துட்டுப் போயிடுவார். அப்புறம் அது வயல் இல்ல, குழி. அளந்து வாய்க்கால் அகலமாச்சுன்னா ஒருத்தரும் விக்க மாட்டோம். இல்லன்னா வித்துட்டு நானும் உங்க மாப்பிள்ளையோட டவுனுக்குக் கிளம்பிடுவேன்."

அவள் போன பிறகு அவர் மறுபடி மண்வெட்டியைக் கையில் எடுத்தார். மகள் போய்விடுவாள் என்பது உறைத்தது. ஆனால் இத்தனை வருஷமாகச் சேர்த்த மண் போய்விடும் என்பது அதைவிட அதிகமாக உறைத்தது.

மறுநாளே டவுனுக்குப் பஸ் ஏறினார். அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த டீக்கடையில் சர்வேயரைப் பிடித்தார். சர்வேயர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"கல்லு எங்க வரணும்னு பிரியப்படறீங்க?"

"இப்ப வரப்பு எங்க இருக்கோ அங்கயே."

"அப்ப சுலபம். இருக்கறதை இருக்குன்னு சொல்றதுக்கு என்ன கஷ்டம்?" சர்வேயர் சிரித்தார். ஒரு கவர் கை மாறியது. டீக்குக் காசும் ஒருசாணே கொடுத்தார்.

அளக்கிற அன்று ஊரே வாய்க்கால் கரையில் கூடியது. சங்கிலியின் ஒரு முனையைச் சர்வேயரின் ஆள் பிடித்தான். மறு முனையைக் கடைமடையின் சார்பில் பிடித்தது மகள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, சொன்ன இடத்திலெல்லாம் நகர்ந்து நகர்ந்து நின்றாள். சர்வேயர் வரைபடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கடைசியில் வரப்பு இருந்த இடத்திலேயே கல்லை நடச் சொன்னார்.

"இங்க எந்த ஆக்கிரமிப்பும் இல்ல. வாய்க்காலோட அகலமே இவ்வளவுதான்."

கடைமடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாழைக்காரர் ஒருசாணின் தோளைத் தட்டினார். மகள் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் வந்தாள். சத்தம் போடவில்லை.

"இந்த வாய்க்கால்லதானே எனக்கு நீச்சல் கத்துக்குடுத்தீங்க? இடுப்புல கை குடுத்து நடுவுல விட்டீங்க, கரைக்கு வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குச்சு. இப்ப இதுல ஒரு காலைக் கழுவினா இன்னொரு காலுக்கு இடம் இல்ல. இது எப்பவும் இவ்வளவுதான்னு அவர் சொல்றார். நீங்களும் அப்படித்தான் சொல்றீங்களா?"

அவர் குனிந்து கல்லடியில் மண்ணை அணைத்தார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு திரும்பி நடந்தாள். மனைவி அன்று அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. சாப்பாட்டைப் போட்டு மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜெயித்தவர் அவர்தான். ஆனால் ஜெயித்த வயலில் நாற்று நட ஆள் கிடைக்கவில்லை. வழக்கமாக வருகிற கடைமடைப் பெண்கள், டவுனுக்குப் போக மூட்டை கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்று முற்றிக்கொண்டே வந்தது. போன போகத்து நெல்லையாவது அரைத்து வைக்கலாம் என்று மில்லுக்குப் போனார். அங்கே மில்காரர் மெஷினின் போல்ட்டுகளைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன, ரிப்பேரா?"

"கழட்டி வித்துடலாம்னு இருக்கேன். கடைமடை நெல்லு வராம இந்த மெஷின் பாதி நேரம் சும்மா கிடக்கு. பாதி லோடுக்கு லாரிக்காரனும் வர மாட்டேங்கறான்."

"எங்க நெல்லு இருக்கே?"

மில்காரர் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒத்தைக் கால்ல எவ்வளவு நாள் நிக்க முடியும்? அவங்க போயிட்டா நான் இல்ல. நான் இல்லன்னா உங்க நெல்லை நீங்க தலையில சுமந்துதான் டவுனுக்குப் போகணும். பள்ளிக்கூடத்தையும் மூடப் போறாங்களாம். பசங்க பூரா கடைமடைதானே."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. கால் தானாகக் கடைமடைப் பக்கம் நடந்தது. மகள் வீட்டுக்கு எத்தனையோ தடவை தெரு வழியாகப் போயிருக்கிறார். வயல் வழியாகப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. மண் வாய் பிளந்து கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் கை நுழையும். மகளின் வயலில், பத்திரம் எழுதும் முன்பே தோண்ட வேண்டிய எல்லையைக் குறித்துச் சூளைக்காரரின் ஆட்கள் முளை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வரப்பு எது என்று தேடிப் பார்த்தார். அங்கே வரப்பு செதுக்க யாருக்கும் வேலை இருந்திருக்கவில்லை.

அந்த வயலின் நடுவில் அவர் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் வாய்க்காலிலிருந்து மண்ணை எடுத்ததாகத்தான் நினைத்திருந்தார். எடுத்தது மண் இல்லை, மகளின் சோறு என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பட்ட பிறகு அங்கே உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தார். மனைவி, "எங்க?" என்று கேட்டாள்.

"கல்லைப் பிடுங்கப் போறேன்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "தனியாப் பிடுங்கினா இடுப்புப் பிடிச்சுக்கும். நடங்க" என்றாள்.

கல் லேசில் வரவில்லை. இருவரும் சேர்ந்து நெம்பினார்கள். தலைமடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். வாழைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"பைத்தியமா உனக்கு? சர்க்கார் கல்லு. பிடுங்கினா கேஸ் போடுவாங்க."

"இது சர்க்கார் கல்லு இல்லப்பா. நான் காசு குடுத்து நட்ட கல்லு."

கல்லை மாட்டு வண்டியில் ஏற்றினார். மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு நேராக டவுன் அலுவலகத்துக்குப் போனார். சர்வேயருக்கு மேலே ஒரு பெண் அதிகாரி இருந்தார். அவருடைய மேஜைக்கு முன்னால் ஒருசாண் கல்லை இறக்கிவைத்துவிட்டு, டீக்கடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, லஞ்சம் வாங்கறதும் குத்தம், குடுக்கறதும் குத்தம். இதை எழுதிக் குடுத்தா உங்க மேலயும் நடவடிக்கை வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டுத்தாம்மா வண்டி பூட்டினேன். குடுத்தவன் நான்னு பெரிய எழுத்தா எழுதிக்கோங்க. ஆனா வாய்க்காலை மறுபடியும் அளங்க. இந்தத் தடவை வரைபடத்தைப் பார்த்து அளங்க."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் விடவில்லை.

அந்த அதிகாரியே நேரில் நின்று அளந்தார். உண்மையான எல்லை ஒருசாணின் வயலுக்குள் வெகுதூரம் வந்து நின்றது. வாழைக்காரரின் ஒரு வரிசை மரம் முழுக்க வாய்க்காலுக்குள் இருந்தது. பழைய சர்வேயரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஒருசாண் நீதிமன்றத்துக்கு நடந்து, அபராதம் கட்டிவிட்டு வந்தார். கட்டிவிட்டு வந்த கையோடு, தாமாகவே முதல் வெட்டைத் தம் வரப்பில் போட்டார்.

"நீ இடிச்சா நானும் இடிக்கணுமா?" என்றார் வாழைக்காரர்.

"வேண்டாம். உன் வாழை வரிசை மட்டும் அங்கயே துருத்திக்கிட்டு நிக்கட்டும். போறவன் வர்றவன் எல்லாம் யாரோடதுன்னு கேப்பான். நாங்களும் சொல்லுவோம்."

வாழைக்காரர் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அரிவாளோடு வந்து தம் மரங்களைத் தாமே சாய்த்தார். குலைகளை வாய்க்கால் வெட்ட வந்தவர்களுக்குக் கொடுத்தார். கடைமடைப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். டவுனுக்குப் போன ஆண்கள் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். மருமகன் மாமனாருக்குப் பக்கத்தில் நின்று மண் அள்ளினார். மில்காரர், விற்க வைத்திருந்த மெஷினை அப்படியே விட்டுவிட்டு, மண் வாரும் இயந்திரம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து வந்தார். தலைமடை, கடைமடை என்ற பேச்சு அந்த நாட்களில் யார் வாயிலும் வரவில்லை.

ஏரியைத் திறந்தபோது முதல் தண்ணீர் சருகும் நுரையுமாகப் புரண்டு வந்தது. தலைமடைக்காரர்கள் தங்கள் மடைகளை அடைத்துவிட்டுக் கரையிலேயே தண்ணீரோடு கூட நடந்தார்கள். அது கடைமடையைத் தொட்டு, வெடித்த மண்ணுக்குள் சரசரவென்று இறங்கியது. நிலம் குடித்துக்கொண்டே இருந்தது. குடித்து முடித்து மேலே தண்ணீர் பளபளத்தபோது, மகள் வயலில் இறங்கிச் சூளைக்காரரின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் எறிந்தாள். கூட்டம் கை தட்டியது. ஒருசாண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேறு பட்டுவிட்டது என்று மனைவியிடம் சொன்னார். "ரெண்டு கண்ணுலயுமா?" என்றாள் அவள்.

அந்தப் போகம் கடைமடையில் நெற்கதிர் தலை சாய்ந்து விளைந்தது. மில் ஓடியது. முழு லோடு ஏற்றிக்கொண்டு லாரி போனது. பள்ளிக்கூடத்தை மூடுகிற பேச்சு நின்றது.

செய்தி கேட்டு அடுத்த ஊரிலிருந்து சிலர் வாய்க்காலைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் ஊரிலும் இதே கதைதான். அகலமான வாய்க்காலைக் கண்ணால் அளந்துவிட்டு, அதில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்க ஊர்லயும் எல்லாருக்கும் மனசு இருக்குங்க. ஆனா யார் முதல்ல விடறதுன்னுதான் நிக்குது. நீங்க எப்படி விட்டீங்க? நஷ்டம் இல்லியா?"

ஒருசாண் கரையில் மண்வெட்டியை ஊன்றி, நிறைந்து ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொதுவுல இருந்து எடுக்கும்போது அடுத்தவன் வீட்டுச் சுவருலதான் திருடன் மாதிரி கன்னம் வைக்கறோம்னு நினைச்சேன் தம்பி. ஊருங்கறது ஒரே வீடு. எந்தப் பக்கம் கன்னம் வச்சாலும் இடியறது நம்ம சுவருதான். யார் முதல்ல விடறதுன்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. அதிகமா எடுத்தவன் முதல்ல விடணும். அவன் விட்டா மத்தவங்க தானா விடுவாங்க."